நட்புறவுப் படம்

இலங்கைக்கும் பிரான்சுக்கும் இடையிலான நட்புறவைப் பலப்படுத்துகிற பொறுப்பு அந்த மார்கழி மாதம் மகாலிங்கத்தாரின் உணவகத்தின் தலையில் வந்து விழுந்தது. அதுவரைக்கும் அங்கே பலப்பட்டதென்று சொல்ல ஒன்றுமில்லை, குசினிச் சுவரின் எண்ணெய்ப் பிசுக்கைத் தவிர.

பாரிசின் லா சப்பலில் முதலில் கடை போட்ட யாழ்ப்பாணத்து ஆட்களில் மகாலிங்கத்தாரும் ஒருவர். முன்பக்கம் மரக்கறியும் பலசரக்கும். பின்பக்கம் சின்னதாக ஓர் உணவகம். மேம்பாலத்தில் மெத்ரோ போகிறபோதெல்லாம் தட்டில் அடுக்கிய மீன் ரின்கள் கிலுகிலுக்கும். கல்லாவில் கோசலை இருந்தாள். இரசாயனம் படித்துப் பட்டம் வாங்கியவள். பாரிசில் அந்தப் படிப்புக்குக் கிடைத்த வேலை, பெட்டியில் வந்த வெண்டிக்காயில் எது இன்றைக்கு அழுகும், எது நாளைக்கு அழுகும் என்று பார்த்துச் சொல்வது. வாய் திறந்து பேசுவது குறைவு. மனதுக்குள் பேசுவது நிறைய; அதில் முக்கால்வாசி ஏச்சு.

கடையில் ஒரு நல்ல கமெரா இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெடியன்கள் வந்து ஊருக்கு அனுப்பப் படம் எடுத்துக்கொள்வார்கள். மகாலிங்கத்தாரின் கம்பளிக் கோட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, யாரோ வெள்ளைக்காரன் நிறுத்திவிட்டுப் போன காரில் முழங்கையை ஊன்றி நிற்பார்கள். எடுத்துக் கொடுப்பவள் கோசலை. படத்தில் குப்பைத் தொட்டி விழக்கூடாது. பொலிஸ் வான் விழக்கூடாது. கோட்டுக்குக் கீழே கிழிந்த சப்பாத்து விழவே கூடாது. ஒரு அடி முன்னுக்குப் போய், கொஞ்சம் சரிந்து, வேண்டாததையெல்லாம் வெளியே தள்ளிவிடுவாள். அவளுடைய படங்களைப் பார்த்து யாழ்ப்பாணத்தில் பல தாய்மார் பிள்ளைக்குச் சீதனம் கூட்டிக் கேட்டார்கள்.

நட்புறவைக் கடைக்குக் கூட்டிவந்தவர் ரேமண்ட் லூர்துசாமி. புதுச்சேரிக்காரர், பிறப்பிலேயே பிரெஞ்சுக் குடிமகன், சுங்க இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்தியச் சங்கமொன்றில் தலைவராக இருந்து, போன தேர்தலில் தோற்றுப்போனார். தலைவராக இல்லாமல் அவருக்கு இருப்புக் கொள்ளாது. ஆகவே பக்கத்திலிருந்த நாட்டைப் பிடித்துக்கொண்டு இலங்கை–பிரெஞ்சு நட்புறவுச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார். இலங்கையைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், வாலிப வயதில் மார்செய்க்கு வந்த கப்பல் கொழும்பில் ஒரு பகல் நின்றபோது இறங்கிக் குடித்த தேநீர்தான். அந்தத் தேநீரைப் பற்றி அவர் மணிக்கணக்கில் பேசுவார்.

"மகாலிங்கம், கொழும்புலேர்ந்து வர்த்தகக் குழு வருது" என்றார், கல்லாவுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு. "தூதரகத்து செக்ரத்தேர் வர்றார். நம்ம பக்கத்துல ஒரு தெபுய்த்தே வர்றார், பார்லிமென்ட் மெம்பர். மத்தியானச் சாப்பாடு உங்க கடையில. வுவாலா!"

நம்ம பக்கம் என்று அவர் சொன்னது பிரான்சை. இந்தக் கடையில் அப்படிச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான் என்று கோசலை நினைத்துக்கொண்டாள்.

"எனக்கு உதிலை என்ன ஐயா வரும்?" என்றார் மகாலிங்கத்தார்.

"தேயிலை, தேங்காய்ப்பூ, கறுவா. பிரான்சு முழுசுக்கும் ஒரே ஏஜென்ட். யாரு? நீங்க!"

மகாலிங்கத்தார் மீசையைத் தடவினார். பிரான்சு முழுவதும் அந்த மீசையில் ஒருமுறை அகப்பட்டு மீண்டது.

"படம்தான் முக்கியம்" என்றார் ரேமண்ட். "படம் இல்லைன்னா நட்புறவே இல்லை. சார்செல்ல எமில்னு நம்ம ஆளு இருக்கான், கல்யாணத்துக்கெல்லாம் எடுக்கிறவன். படம் கொழும்புப் பேப்பர்ல வரும், நம்ம சங்க மலர்ல வரும், தூதரகத்துக்கு ஒண்ணு போகும். வாசல்ல பண்பாட்டோட வரவேற்கணும். சேலை கட்டின பொண்ணு ஒண்ணு வேணுமே."

இரண்டு பேரும் திரும்பிக் கோசலையைப் பார்த்தார்கள். வெண்டிக்காயை அவள் பார்ப்பதும் அப்படித்தான்.

"நிறைகுடம் வைப்பம், குத்துவிளக்கு கொளுத்துவம்" என்றார் மகாலிங்கத்தார். "இவள் வாசலிலை நிண்டு பன்னீர் தெளிச்சுக் குழுத் தலைவருக்குச் சந்தனம் வைப்பாள். படிச்ச பிள்ளை."

ரேமண்ட் போகும்வரை கோசலை காத்திருந்தாள். பிறகு சொல்ல வேண்டியதை மனதுக்குள் நாலு தரம் சொல்லிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அண்ணை, என்னாலை வாசலிலை நிக்கேலாது."

"ஏன், சேலை இல்லையோ?"

"என்ரை கேஸ் கிடக்கு."

கேஸ் என்றால் அகதிக் கேஸ். முதல் தடவை தள்ளிவிட்டார்கள். அப்பீல் எடுத்திருந்தாள், மாசியில் விசாரணை. அதிலும் தள்ளினால் பிளேன்தான். தம்பியை ஆமி கொண்டுபோனது, அவனைத் தேடி முகாம் வாசலில் நின்றது, பிறகு அவளையும் தேடி வந்தது, எல்லாம் சொல்லியிருந்தாள். அந்த அரசாங்கத்துக்குப் பயந்து வந்தவள் நான் என்பதுதான் அவளுடைய கேஸின் முதுகெலும்பு. உங்கள் நாட்டுத் தூதரகத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள் என்று அவொக்கா, அவளுடைய வக்கீல், சொல்லி அனுப்பியிருந்தார். அந்தத் தூதரகத்து ஆளுக்கும் கொழும்பிலிருந்து வருகிற தலைவருக்கும் அவள் சிரித்துக்கொண்டு சந்தனம் பூசுகிற படம் பேப்பரில் வந்தால் விசாரிக்கிறவர்கள் கேட்க ஒரேயொரு கேள்வி போதும்.

இதை அவள் துண்டு துண்டாகச் சொல்லி முடித்தாள். மகாலிங்கத்தார் பல்லுக்குத்திக்கொண்டு கேட்டார்.

"எனக்கும்தான் அகதிக் கார்ட். நான் பயப்பிடுறனோ?"

"உங்களுக்கும் உதுதான் அண்ணை சட்டம். அவையோடை திரும்ப உறவு வைச்சால் கார்ட்டைப் பறிக்கலாம்."

"போடி விசரி. உந்தச் சட்டம் கோப்பை கழுவுற ஆக்களுக்கு. யாவாரிக்குச் சட்டம் வேறை." எழுந்து கோட்டை மாட்டினார். "சந்தனம் வைக்க மனமில்லாட்டி மேலை அறையையும் பார்த்துக்கொள். அந்த அறைக்கு எத்தினை பேர் கேட்டுக்கொண்டு நிக்கினம் எண்டு தெரியும்தானே?"

மேலே அறை என்பது கூரைக்குக் கீழே, நிமிர்ந்து நின்றால் தலையில் இடிக்கிற ஒரு பொந்து. அதையும் அவளும் குசினியில் வேலை செய்த தில்லைநாயகியும் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். தில்லைநாயகிக்கும் கேஸ் முடியவில்லை. அவள் காரியம் இன்னும் சிக்கல். விளக்குத் தட்டோடு விருந்தினர்களுக்குப் பின்னால் நடக்கச் சொல்லி அவளுக்கு உத்தரவு.

"என்ரை முகத்தைப் படம் பிடிச்சால் கமெரா வெடிக்கும் எண்டு சொல்லிப் பார்த்தன்" என்றாள் தில்லைநாயகி, வெங்காயத்தை உரித்துக்கொண்டு. "பவுடர் போடு எண்டுறார். இஞ்சை பார் கோசலை, வெள்ளைக்காரனுக்கு உறைப்புக் குறைக்கட்டாம். கொழும்பாருக்குக் கூட்டட்டாம். சட்டி ஒண்டு. ஒரு சட்டிக்குள்ளை ரண்டு நாட்டையும் எப்பிடியடி ஒட்டுறது?"

"நீங்கள் என்ன செய்யப் போறியள் அக்கா?"

"குனிஞ்சு நிப்பன். வேறை என்ன? குனியிறதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்தனாங்கள்."

கோசலைக்குக் கோபம் வந்தது. மகாலிங்கத்தார் மேல், ரேமண்ட் மேல், இந்த அக்காவின் சிரிப்பின் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக வாசலில் பன்னீர்ச்செம்போடு நிற்கப்போகிற தன் மேல். கடையை விட்டுப் போய்விடலாம் என்று எழும்பினாள். வெளியே பனிக்கூதல். போகிறதற்கு ஓரிடம் வேண்டுமே. திரும்பவும் இருந்தாள்.

அந்தக் கிழமை ரயில்காரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். கார் து நோர் ஸ்டேசனில் சனம் நிலத்தில் படுத்துக் கிடந்தது. விருந்து நாள் காலை, ரேமண்ட் ஓடி வந்தார். கழுத்தில் பட்டுத் துண்டு, முகத்தில் வியர்வை. பின்னால் அவர் மனைவி ஜெனவியேவ், காஞ்சிபுரம் பட்டில், தொப்பியோடு.

"எமில் வரமாட்டானாம்! சார்செல்லேர்ந்து ஒரு ரயில் இல்லை. இந்த க்ரேவ்காரனுங்க நாட்டைக் கெடுக்குறானுங்க! படம் யாரு எடுக்குறது?"

நிறைகுடத்தில் மாவிலைக்குப் பதிலாக வைத்த எலுமிச்சை இலை வாடத் தொடங்கியிருந்தது. பட்டுச்சேலையும் கையில் பன்னீர்ச்செம்புமாகக் கோசலை வாசலில் நின்றாள்.

யாரோ பேசியது அவளுக்குக் கேட்டது. தானேதான் என்று பிறகு தெரிந்தது.

"நான் எடுக்கிறன்."

"நீ சந்தனம் வைக்க வேணும்" என்றார் மகாலிங்கத்தார்.

"சந்தனம் ஆரும் வைக்கலாம் அண்ணை. அந்தக் கமெரா ஆரும் பிடிக்கேலாது. ஊருக்குப் போன படமெல்லாம் நான்தானே எடுத்தது." இவ்வளவு நீளமாக அவள் அந்தக் கடையில் பேசியதில்லை. குரல் நடுங்கியது. நிறுத்தினால் இனி வராது என்று பயந்து தொடர்ந்தாள். "மதாம் ஜெனவியேவ் நிண்டால் வடிவாய் இருக்கும். சங்கத் தலைவரின்ரை மனுசி வரவேற்றால்தான் மரியாதை."

தலைவரின் மனைவி என்றதும் ஜெனவியேவ் தொப்பியைக் கழற்றிவிட்டாள். "அது சரிதான், ரேமோன்" என்றாள். செம்பு கை மாறியது.

இரண்டு நாடுகளும் பிந்தித்தான் வந்தன. கொழும்புத் தலைவர் உயரம் குறைந்த, நல்ல வாசனை பூசிய மனிதர். தூதரகத்துச் செயலர் அவருக்குக் கதவு திறந்து, கதிரை இழுத்து, இருமினால் தண்ணீர் நீட்டினார். தெபுய்த்தேக்கு விற்க ஒரு பொருள் இருந்தது, தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம். வந்த வேகத்தில் அதன் படம் போட்ட புத்தகத்தை மேசையில் வைத்தார். ஜெனவியேவ் பன்னீரைக் கோயில் தீர்த்தம் போல மூன்று தரம் தெளித்தாள். பழக்கதோஷத்தில் அவளுடைய கை சிலுவைக்குறி போட்டது. கொழும்புத் தலைவர் பௌத்தர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டார். கோசலை ஒன்றை எடுத்தாள்.

பிறகு பேச்சு. தொலைவில் உள்ள இரண்டு நாடுகள் என்று தெபுய்த்தே தொடங்கினார். எவ்வளவு தொலைவு என்று அவருக்குத் தெரியவில்லை. இந்தியாவின் தென்பகுதியில் உள்ள உங்கள் அழகிய நாடு என்றார். கொழும்புத் தலைவர் முகம் கறுத்துப் போய், எங்கள் தீவில் அமைதி நிலவுகிறது, மூலதனம் தைரியமாக வரலாம் என்றார். ரேமண்ட் அதைப் பிரெஞ்சில் சொல்லும்போது தன் கப்பலையும் தேநீரையும் சேர்த்துக்கொண்டார். அமைதி நிலவுகிறது என்ற இடத்தில் குசினிக் கதவருகே நின்ற தில்லைநாயகி குனிந்த தலையை நிமிர்த்திக் கோசலையைப் பார்த்தாள். தில்லைநாயகியின் வீடு வசாவிளானில் குண்டு விழுந்து போனது. பார்த்துவிட்டுச் சோறு போடப் போனாள்.

தெபுய்த்தே யானைகளைப் பற்றி விசாரித்தார். தலைவர் இயந்திரத்தின் விலையைப் பற்றி விசாரித்தார். ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்கவில்லை என்பதில் இருவருக்கும் பரம திருப்தி. கறியின் உறைப்பில் இரண்டு நாடுகளும் ஒரேநேரத்தில் மூக்கைத் துடைத்தன. கோசலைக்குத் தெரிந்து அன்றைக்கு அவை ஒன்றுபட்ட இடம் அதுதான்.

"எல்லாரும் வாங்க, எல்லாரும்!" ரேமண்ட் கைதட்டினார். "பெரிய படம்! குசினி ஆளுங்களும் வரட்டும். தமிழங்க எல்லாரும் சந்தோஷமா இருக்காங்கன்னு கொழும்புல தெரியணும்."

அதற்குத்தானா இந்த விருந்து! கோசலை மனதுக்குள் ஏசினாள். குசினிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். கோப்பை கழுவுகிற வாமதேவன் ஈரக் கையைக் களுசானில் துடைத்துக்கொண்டு வந்தான். ரொட்டி போடுகிற மரியரட்ணம் வந்தார். மகாலிங்கத்தார் அவர்களைத் தோளில் பிடித்து வரிசைப்படுத்தினார். முன்னால் பெரிய ஆட்கள். இரண்டு பக்கமும் பின்னாலும், கார்ட் கிடைக்காத, கேஸ் கிடக்கிற, முகம் செத்த ஆட்கள். தில்லைநாயகி தட்டோடு ஓரத்தில் நின்றாள். சொன்னபடியே குனிந்து.

"சிரியுங்கோவன் சனியனுகள்" என்றார் மகாலிங்கத்தார், உதட்டை அசைக்காமல்.

கோசலை கமெராவைக் கண்ணில் வைத்தாள். எல்லோரும் விழுந்தார்கள். ஒரு அடி முன்னுக்குப் போனாள். வாமதேவன் வெளியே போனான். இன்னும் அரை அடி. மரியரட்ணம் போனார். கொஞ்சம் சரிந்து, முழங்காலை மடித்து, பின்வரிசையின் முகங்களைப் பெரியவர்களின் தோள்களுக்குப் பின்னால் தள்ளினாள்.

"கிட்ட வந்துட்டியேம்மா, எல்லாரும் விழுறாங்களா?" என்றார் ரேமண்ட்.

"விழ வேண்டிய ஆக்கள் எல்லாம் விழுகினம்" என்றாள் கோசலை.

அழுத்தினாள். இன்னொன்று. அப்படியே இன்னொன்று. எல்லாம் அதே அளவில்.

படம் முடிந்ததும் தலைவர் மகாலிங்கத்தாரின் தோளில் கைபோட்டார். நீங்கள் கொழும்புக்கு வந்து சரக்கை நேரில் பாருங்கள், உங்களைப் போன்ற ஆட்கள்தான் எங்களுக்கு வேண்டும் என்றார். என்னிடம் நாட்டுப் பாஸ்போட் இல்லையே என்று மகாலிங்கத்தார் தலையைச் சொறிந்தார். அதற்கென்ன, என்றார் செயலர். மகாலிங்கத்தார் அன்று முழுவதும் அந்தத் தோளைத் தாழ்த்தாமல் நடந்தார்.

படங்கள் கழுவி வந்தன. நடுவில் மகாலிங்கத்தாரும் கொழும்புத் தலைவரும் கைகுலுக்க, ஒருபக்கம் ரேமண்ட், மறுபக்கம் தெபுய்த்தேயும் செயலரும். இடது ஓரத்தில் மணிக்கட்டு வரைக்கும் ஒரு கை, காப்போடு, தட்டு ஒன்றைப் பிடித்தபடி. வேறு யாருமில்லை.

"குசினி ஆக்கள் எங்கை?" என்றார் மகாலிங்கத்தார்.

"நீங்கள் பெரிய ஆள் அண்ணை. அவையும் நிண்டால் உங்களைத் தெரியாது எண்டு விட்டிட்டன்."

அவர் படத்தை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். "உனக்கும் மூளை இருக்கு" என்றார். பெரிதாக்கி, பொன்னிறச் சட்டம் போட்டு, கல்லாவுக்கு மேலே மாட்டினார். சாமிப்படம் கொஞ்சம் நகர வேண்டியிருந்தது.

தை பிறந்ததும் தூதரகம் கொடுத்த புதுப் பாஸ்போட்டைக் கொண்டுவந்து கல்லாவில் போட்டுக் காட்டினார்.

"அண்ணை, அகதிக் கார்ட் வைச்சுக்கொண்டு உதிலை போனால்..."

"நீ வெண்டிக்காயைப் பார்."

இன்னொரு தரம் சொல்லலாம். உட்கார வைத்து, விளக்கமாக, அவொக்கா சொன்னதை ஒவ்வொன்றாகச் சொல்லலாம். கோசலை வெண்டிக்காயைப் பார்த்தாள். அன்றிரவு அதை நினைத்துத் தன்னைக் கொஞ்சம் ஏசிக்கொண்டாள், கொஞ்சம்தான்.

மாசியில் அவளுடைய விசாரணை வந்தது. நீளமான மேசைக்குப் பின்னால் மூன்று பேர். தம்பியைப் பற்றிக் கேட்டார்கள். முகாம் வாசலைப் பற்றிக் கேட்டார்கள். நடுவில் இருந்த பெண் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, பிரான்சுக்கு வந்த பிறகு உங்கள் நாட்டுத் தூதரகத்தோடு, அரசாங்கத்தின் ஆட்களோடு, ஏதும் தொடர்பு வைத்தீர்களா என்று கேட்டாள். இல்லை என்றாள் கோசலை. அவள் குரலில் நடுக்கம் இல்லாத நாள் அது.

பங்குனியில் அவளுக்குக் கார்ட் வந்தது. தில்லைநாயகி அதை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "உறைப்புக் காணாது" என்றாள்.

மகாலிங்கத்தார் அதே மாதம் கொழும்பிலிருந்து வந்தார். கடைக்கு வந்தது இரண்டு நாள் கழித்து. ரோய்சி விமான நிலையத்தில் ஒரு பொலிஸ்காரன் ஒரு கையில் இலங்கைப் பாஸ்போட்டையும் மறு கையில் அகதிக் கார்ட்டையும் வைத்து மாறி மாறிப் பார்த்தானாம். எந்த அரசாங்கத்துக்குப் பயந்து வந்தீர்களோ, அந்த அரசாங்கத்திடம்தான் விடுமுறைக்குப் போய் வருகிறீர்களா என்று கேட்டானாம். கார்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, விசாரணைக்கு வரச்சொல்லி விட்டார்கள். கொழும்பில் ஏஜென்சியும் இல்லை. பிரான்சு முழுசுக்கும் ஒரே ஏஜென்ட் என்ற பட்டத்தை அந்தத் தலைவர் போன ஊரில் எல்லாம் ஒவ்வொருவருக்குக் கொடுத்திருந்தார். கிடைத்தது ஒரு தேயிலைப் பெட்டி. ரேமண்டிடம் போனால், அவர் இப்போது மடகஸ்காருக்குத் தலைவராகிவிட்டார்.

மகாலிங்கத்தார் கல்லாவுக்கு முன்னால் வந்து நின்றார். மீசை தொங்கியிருந்தது. முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினார்.

"கோசலை, பிள்ளை. எல்லாரும் நிண்ட படம் ஒண்டாவது இருக்கோ?"

"ஏன் அண்ணை?"

"விசாரிக்கிறவங்கள், கொழும்புப் பேப்பரிலை வந்த படம் தங்களிட்டை இருக்கெண்டு சொல்லுறாங்கள். நான் தனிச்சு நிக்கிறதுதானே பிழையாய்க் கிடக்கு. கடை ஆக்கள் எல்லாரும் நிண்டவை, சும்மா ஒரு சாப்பாடு, ஆர் வந்தாலும் போடுறதுதான் எண்டு காட்டினால் தப்பலாம் எண்டு அவொக்கா சொல்லுறார். நீங்கள் எல்லாரும் நிண்டனீங்கள்தானே?"

வாமதேவனுக்கு அடுத்த கிழமை விசாரணை. மரியரட்ணத்துக்கு அதற்கடுத்த மாதம்.

"அப்பிடி ஒரு படம் இல்லை அண்ணை."

"பிலிமிலை இருக்குமே?"

"பிலிமிலையும் நீங்கள்தான்."

அவர் கதிரையில் ஏறிச் சட்டத்தைக் கழற்றினார். சுவரில் வெளிறிய சதுரம் தெரிந்தது. படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்து, ஓரம் ஓரமாகத் தேடினார், எங்காவது ஒரு முகம் அகப்படாதா என்று. இடது ஓரத்தில் விரலை வைத்தார்.

"இது ஆரின்ரை கை?"

குசினிக்குள் தில்லைநாயகியின் காப்பு சட்டி விளிம்பில் இடிபட்டுச் சத்தம் போட்டது. அவள் எதையோ கிண்டிக்கொண்டிருந்தாள்.

கோசலை எட்டிப் பார்த்தாள். பிறகு வெண்டிக்காய்ப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"தெரியாது அண்ணை" என்றாள். "சாப்பாடு போட்ட ஆக்கள் ஆரோ."